நேப்பியர் பாலத்திலிருந்து மெர்கிஸ்டன் கோட்டை வரை: ஒரு ஸ்காட்லாந்துப் பட்டத்தின் வாரிசு வரிசையை நீங்களே வரைவது எப்படி?

சென்னையில் கூவம் கடலைத் தொடும் இடத்தில் உள்ள நேப்பியர் பாலத்தைத் தெரியாதவர்கள் குறைவு. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்பு வெள்ளை அடித்தார்களே, அதே பாலம்தான். கட்டப்பட்ட ஆண்டு 1869. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஃபிரான்சிஸ் நேப்பியர். அவரைப் பற்றிய குறிப்புகளில் "10-ஆவது லார்ட் நேப்பியர்" என்று இருக்கும். அப்படியானால் முன்னால் இருந்த ஒன்பது பேர் யார்? அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று நேராக ஏறிக்கொண்டே போனால் முதலாமவரைப் பிடித்துவிடலாமா?

முடியாது. நான்கு படி ஏறியதும் கோடு ஒரு பாட்டியிடம் திரும்பும். அங்கிருந்து அந்தப் பாட்டியின் அக்கா மகனுக்குத் தாவும். அங்கிருந்து அந்தப் பையனின் தாய்மாமனுக்குப் போகும். அதற்கப்புறம்தான் மறுபடி அப்பா, தாத்தா. இவ்வளவு வளைந்து வந்தும் ஓர் இடத்தில்கூடச் சட்டம் மீறப்படவில்லை. ஸ்காட்லாந்துப் பட்டங்களின் வம்சாவளியைப் படிக்க வருகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: பட்டம் போகும் பாதை வேறு, இரத்தம் போகும் பாதை வேறு. பட்டம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு காகிதம் முடிவு செய்கிறது.

இந்தக் கட்டுரையில் நேப்பியர் பட்டத்தையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்டால் மற்றவற்றுக்கும் அதே வழிதான்.

முதல் படி: எந்த நேப்பியர்?

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். 1870 முதல் 1872 வரை இந்தியாவில் ஒரே சமயத்தில் இரண்டு லார்ட் நேப்பியர்கள் இருந்தார்கள். ஒருவர் நம் ஆளுநர். மற்றவர் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி ராபர்ட் நேப்பியர். அவர் 1810-இல் கொழும்பில் பிறந்தவர். அபிசீனியப் போரில் வென்றதற்காக 1868-இல் "மக்தலாவின் பாரன் நேப்பியர்" ஆனார். அது புதிதாக உண்டான தனிப் பட்டம். நம் ஆளுநரின் பட்டத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போதாக்குறைக்கு, 1872 பிப்ரவரியில் வைஸ்ராய் மேயோ அந்தமானில் குத்திக் கொல்லப்பட்ட பிறகு நம் ஆளுநர் மே மாதம் வரை தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார். அந்த மாதங்களின் செய்தித்தாளில் வெறுமனே "லார்ட் நேப்பியர்" என்று வந்தால், முன்பின் வரிகளைப் படித்துத்தான் யாரென்று சொல்ல முடியும்.

சிந்து மாகாணத்தைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் இன்னொருவர். அவர் 6-ஆவது லார்டின் பேரன். குடும்பம் ஒன்றுதான், ஆனால் பட்டம் அவர் கிளைக்கு வரவில்லை. திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகம் நம் ஆளுநரின் பெயரில் இருப்பது. மாட்டுத் தீவனமான நேப்பியர் புல்லோ ரொடீசியாவின் புலவாயோவில் இருந்த ஒரு கர்னலின் பெயர் தாங்கியது. ஆகவே நோட்டின் முதல் வரியில் முழுப் பட்டத்தையும் எழுதுங்கள்: மெர்கிஸ்டனின் லார்ட் நேப்பியர், ஸ்காட்லாந்துப் பிரபுத்துவம், 1627.

ஆண்டை எழுதுவது அழகுக்கு அல்ல. 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தன. அதற்கு முன் ஸ்காட்லாந்து மன்னராக இருந்து கொடுத்தவை மட்டுமே ஸ்காட்லாந்துப் பிரபுத்துவம். அதற்குப் பிறகு கொடுத்தவை கிரேட் பிரிட்டன் கணக்கிலும், 1801 முதல் பெரும்பாலும் ஐக்கிய ராச்சியக் கணக்கிலும் சேரும். வாங்கியவர் அசல் ஸ்காட்லாந்துக்காரராக இருந்தாலும் அப்படித்தான். வாரிசு விதிகள் இந்தக் கணக்குகளுக்கு ஏற்ப மாறுகின்றன.

படிநிலைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். மேலிருந்து டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட். ஐந்தாவது இடத்தில் இங்கிலாந்தில் இருப்பவர் பாரன். ஸ்காட்லாந்தில் அந்த இடத்தில் இருப்பவர் "லார்ட்". ஸ்காட்லாந்திலும் "பாரன்" உண்டு, ஆனால் அவர் பிரபு அல்ல; ஒரு காலத்தில் குறிப்பிட்ட நிலத்தோடு ஒட்டியிருந்த உரிமை அது. 2004 நவம்பர் 28 முதல் நிலத்திலிருந்து பிரிந்து பெயராக மட்டும் நிற்கிறது, விற்கலாம், வாங்கலாம். "பாரனெட்" என்பதும் பிரபு இல்லை. பரம்பரையாக "சர்" போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் அதில் வரும். ஸ்காட்லாந்தில் 1625-இல் தொடங்கியது. "லேர்ட்" என்றால் நிலக்கிழார். குலத் தலைவர் பதவி இவை எல்லாவற்றுக்கும் வெளியே. ஒரே ஆள் இதில் நான்கைத் தாங்கியிருக்கலாம் என்பதால்தான் புதியவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

ஓர் உதாரணம் போதும். மடக்கையைக் கண்டுபிடித்து 1614-இல் உலகத்துக்குச் சொன்ன ஜான் நேப்பியர் இந்தக் குடும்பத்தவர்தான். அவரை "மெர்கிஸ்டனின் 8-ஆவது" என்று எழுதுவார்கள். அது லேர்ட் கணக்கு. அவர் லார்ட் ஆனதே இல்லை. லார்ட் பட்டம் அவர் இறந்து பத்து ஆண்டுக்குப் பிறகு மகனுக்கு வந்தது. இரண்டு எண் வரிசையையும் கலந்தால் வம்சாவளி அங்கேயே கெட்டுவிடும். அவர் பிறந்த மெர்கிஸ்டன் கோட்டை இப்போது எடின்பரோவில் அவர் பெயரிலேயே உள்ள பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது.

இரண்டாம் படி: தாய்ப்பத்திரத்தைப் பிடியுங்கள்

மனை வாங்கும்போது விற்பவரின் குடும்ப மரத்தையா கேட்கிறோம்? தாய்ப்பத்திரம் எங்கே என்றுதான் கேட்கிறோம். பட்டத்துக்கும் அப்படியே. மன்னர் பட்டம் கொடுத்தபோது எழுதிய சாசனத்தில் "இவருக்குப் பின் யாருக்கு" என்று ஒரு வாக்கியம் இருக்கும். முழு வம்சாவளியும் அந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பெரும்பாலோர் மரத்தை வரைந்துவிட்டு அப்புறம் சாசனத்தைத் தேடுகிறார்கள். அது தலைகீழ் வேலை.

அந்த வாக்கியம் சில வடிவங்களில்தான் வரும். "அவர் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு" என்றால் மகன், மகன் வயிற்றுப் பேரன் என்று முதல் பட்டதாரியின், அதாவது பட்டத்தை முதலில் பெற்றவரின், ஆண்வழிச் சந்ததி மட்டும். அது தீர்ந்தால் பட்டமும் தீர்ந்தது. "எவராயினும் ஆண் வாரிசுகளுக்கு" என்றால் வட்டம் பெரியது: முதல் பட்டதாரியின் தம்பி வழி, சித்தப்பா வழி என்று ஆண் தொடர்பு எங்கே கிடைத்தாலும் போகும். இப்படிப்பட்ட பட்டம் அழிந்துவிட்டது என்று சாதிப்பது கடினம். உரிமை கோர ஆளில்லாமல் உறங்குகிறது என்றுதான் சொல்வார்கள். வெறுமனே "வாரிசுகளுக்கு" என்றிருந்தால் மகன் இல்லாதபோது மகளுக்கு வரும். நான்காவது வகையில் மன்னரும் பட்டதாரியும் பேசி வைத்து, இன்னார், அவர் இல்லையேல் இன்னார் என்று பெயர் சொல்லியே வரிசை கட்டியிருப்பார்கள்.

மகள்கள் விஷயத்தில் ஸ்காட்லாந்து தெளிவானது. இங்கிலாந்தின் பழைய பாரன் பட்டங்களில் மகன் இல்லாமல் இரண்டு மகள்கள் இருந்தால் இருவருக்கும் சம உரிமை. அதனால் யாருக்கும் இல்லாமல் பட்டம் நூற்றாண்டுக் கணக்கில் தொங்கும். ஸ்காட்லாந்தில் அந்தத் தொங்கல் கிடையாது. மூத்த மகளுக்கு முழுப் பட்டமும் போகும். எனக்குக் கேட்டால், இரண்டில் இதுதான் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இன்னொரு ஸ்காட்லாந்துச் சிறப்பையும் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. 1707-க்கு முன் பட்டதாரி தன் பட்டத்தை மன்னரிடம் திருப்பி ஒப்படைத்து, அதே பட்டத்தை அதே மூப்போடு, ஆனால் புதிய வாரிசு வரிசையோடு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை இல்லாதவர்கள், மகள் மட்டும் இருந்தவர்கள், தம்பியோடு பகை உள்ளவர்கள் எல்லாரும் இதைப் பயன்படுத்தினார்கள். ஆகவே முதல் சாசனம் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதன்மேல் இரண்டாவது ஒன்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேப்பியர் கதையின் திருப்பமே அப்படி ஓர் இரண்டாம் சாசனம்தான்.

மூன்றாம் படி: ஒவ்வொருவராக இறங்குங்கள்

ஒரு தாளில் ஐந்து பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: எண், பெயர், பட்டம் வந்த ஆண்டு, முந்தையவருக்கு என்ன உறவு, எந்தச் சாசனத்தின் எந்த வார்த்தையின்படி. கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் வெறும் பெயர்ப் பட்டியல்.

முதலாமவர் ஆர்ச்சிபால்ட் நேப்பியர், மடக்கை ஜானின் மகன். 1627 மார்ச்சில் பாரனெட், அதே ஆண்டு மே மாதம் லார்ட். இரண்டு மாத இடைவெளியில் வந்த இரண்டு பட்டங்கள், இரண்டு சாசனங்கள்; இதை ஓரத்தில் குறித்துவையுங்கள், பிறகு வேண்டியிருக்கும். மனைவி மார்கரெட் கிரஹாம், புகழ்பெற்ற மொன்ட்ரோஸ் மார்க்விஸின் சகோதரி. உள்நாட்டுப் போரில் குடும்பம் மன்னர் பக்கம் நின்றதற்கு இந்தச் சம்பந்தமும் ஒரு காரணம். முதலாமவர் 1645-இல் இறந்தார். இரண்டாமவரும் ஆர்ச்சிபால்ட், மன்னர் கட்சி தோற்றபின் ஹாலந்துக்குப் போய் அங்கேயே காலமானார். மூன்றாமவரும் ஆர்ச்சிபால்ட். இதுவரை அப்பாவிலிருந்து மகனுக்கு, சிக்கல் இல்லை.

மூன்றாமவர் மணமாகாதவர். தனக்குப் பின் பட்டம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்து அதை மன்னர் இரண்டாம் சார்லஸிடம் ஒப்படைத்து, 1677-இல் புதிய சாசனம் வாங்கினார். தனக்குப் பிள்ளை இல்லாவிட்டால் சகோதரிகளுக்கும் அவர்கள் சந்ததிக்கும் போக வேண்டும். மூப்பு மட்டும் 1627-இலிருந்தே கணக்காகும். 1683-இல் அவர் இறந்தார். மூத்த சகோதரி ஜீனின் மகன் தாமஸ் நிக்கல்சன் 4-ஆவது லார்ட் நேப்பியர் ஆனார். குடும்பப் பெயர் நிக்கல்சன், பட்டம் நேப்பியர். மூன்றே ஆண்டில், 1686-இல், அவரும் மணமாகாமலே இறந்தார்.

அடுத்து வந்தவர் அவருடைய சித்தி மார்கரெட், 5-ஆவது லேடி நேப்பியர். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். கடற்படை நிர்வாகச் செயலராக இருந்த ஜான் பிரிஸ்பேனின் மனைவியாக மட்டும் பழைய நூல்களில் ஓரமாக எழுதப்பட்டிருக்க வேண்டியவர், அண்ணனோ தம்பியோ வாங்கிவைத்த ஒரு வாக்கியத்தின் பலத்தில் இருபது ஆண்டு பட்டதாரியாக இருந்தார். ஆங்கிலக் குறிப்புகளில் அவரை 4-ஆமவரின் "ஆன்ட்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று நீங்கள்தான் துருவ வேண்டும். அத்தையாக இருந்தால் அவர் நிக்கல்சன் வீட்டுப் பெண். பட்டத்தில் ஒரு பங்கும் இருந்திருக்காது.

மார்கரெட்டின் மகள் எலிசபெத். பட்டத்தை எதிர்பார்த்திருக்கும் வாரிசை ஸ்காட்லாந்தில் "மாஸ்டர்" என்பார்கள், பெண்ணானால் "மிஸ்ட்ரஸ்". எலிசபெத் மிஸ்ட்ரஸ் ஆஃப் நேப்பியர். ஆனால் தாய்க்கு ஓராண்டு முன்பே, 1705-இல் இறந்துவிட்டார். ஆகவே வரிசை எண்ணில் அவருக்கு இடம் இல்லை. இரத்தக் கோட்டில் மட்டும் இருக்கிறார். 1706-இல் மார்கரெட் இறந்தபோது பட்டம் பேரனுக்குத் தாவியது. எலிசபெத்தின் கணவர் எட்ரிக் பள்ளத்தாக்கைச் சேர்ந்த தேர்ல்ஸ்டேன் வில்லியம் ஸ்காட். அவர்கள் மகன் ஃபிரான்சிஸ் ஸ்காட் நான்கு வயதுச் சிறுவனாக 6-ஆவது லார்ட் நேப்பியர் ஆகி, குடும்பப் பெயரையும் நேப்பியர் என்று மாற்றிக்கொண்டார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆண்வழியை மட்டும் பிடித்தால் அன்றுமுதல் இன்றுவரை வந்த லார்ட் நேப்பியர்கள் அனைவரும் ஸ்காட் குடும்பத்தவர்கள். சென்னைப் பாலத்துக்குப் பெயர் தந்தவரும் அப்படியே. ஆனால் மார்கரெட், எலிசபெத் என்ற இரண்டு பெண்கள் வழியாக அவர் மடக்கை ஜானின் நேர்ச் சந்ததியும்கூட. இரண்டும் உண்மை. தாளில் பட்டக் கோட்டுக்கு ஒரு நிறமும் இரத்தக் கோட்டுக்கு இன்னொரு நிறமும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பாது.

6-ஆமவருக்குப் பின் பாதை நேர். 1773-இல் வில்லியம், 1775-இல் ஃபிரான்சிஸ், 1823-இல் வில்லியம் ஜான், 1834-இல் நம் ஃபிரான்சிஸ். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. அதனால் ஃபிரான்சிஸ், வில்லியம், ஃபிரான்சிஸ், வில்லியம் என்று 14-ஆமவர் வரை மாறி மாறியே வரும். பெயரை வைத்து ஆளை அடையாளம் காண முயலாதீர்கள். ஆண்டை வைத்துக் காணுங்கள். 9-ஆமவர் வில்லியம் ஜான் டிரஃபால்கர் போரில் இளம் கடற்படை வீரராக இருந்தவர். பின்னால் சீனாவில் பிரிட்டிஷ் வணிகத்தின் முதல் தலைமைக் கண்காணிப்பாளராகப் போய், கேன்டன் அதிகாரிகளோடு மோதி, 1834-இல் சீனக் கரையோர மக்காவ் நகரில் காய்ச்சலில் இறந்தார். 15 வயதில் பட்டத்துக்கு வந்த மகன்தான் பிற்பாடு ரஷ்யா, பிரஷ்யா தூதராகி, 1866-இல் சென்னைக்கு வந்தவர். ஸ்காட்லாந்தில் அவரைப் பாலத்துக்காக யாருக்கும் தெரியாது. மேட்டுநிலச் சிறு குத்தகை விவசாயிகளின் நிலையை ஆராய 1883-இல் அமைத்த நேப்பியர் ஆணையத்தின் தலைவராகத் தெரியும். 1886-இல் அந்த விவசாயிகளுக்கு நிலத்தில் நிலையான உரிமை தந்த சட்டம் அதன் பின்னாலே வந்தது.

நான்காம் படி: ஒவ்வொரு பட்டத்துக்கும் தனிக் கோடு

ஓரத்தில் குறித்த பாரனெட் பட்டத்துக்கு இப்போது வருவோம். 1677-இல் புதுப்பித்தது லார்ட் பட்டத்தை மட்டும்தான். பாரனெட் பட்டம் பழைய சாசனப்படி ஆண்வழிக்கே உரியது. எனவே 1683-இல் இரண்டும் பிரிந்தன. லார்ட் பட்டம் சகோதரி மகனுக்குப் போனது. பாரனெட் பட்டம் கேட்பாரின்றி உறங்கியது. 1817-இல் வில்லியம் மில்லிக்கன் நேப்பியர் என்ற தூரத்து ஆண்வழி உறவினர் தன்னை வாரிசு என்று நிரூபித்து அதை எழுப்பினார். நூற்று முப்பத்து நான்கு ஆண்டுத் தூக்கம்!

6-ஆமவர் தன் அப்பா வழியில் 1725-இல் தேர்ல்ஸ்டேன் ஸ்காட் பாரனெட் பட்டத்தையும் பெற்றார். அதாவது நேப்பியர் பாரனெட் பட்டம் போய், ஸ்காட் பாரனெட் பட்டம் வந்தது. 10-ஆமவருக்கு 1872-இல், இந்தியப் பணி முடிந்த கையோடு, "பாரன் எட்ரிக்" என்ற ஐக்கிய ராச்சியப் பட்டமும் சேர்ந்தது. அதனால் அவர் 10-ஆவது லார்ட் நேப்பியர், 1-ஆவது பாரன் எட்ரிக். அவர் மகன் 11-ஆவது, 2-ஆவது. இப்போது இருப்பவர் 15-ஆவது, 6-ஆவது. எட்ரிக் பட்டம் ஆண் சந்ததிக்கு மட்டும். நேப்பியர் பட்டம் மகளுக்கும் போகக்கூடியது. இன்று ஒன்றாகப் போகும் இரண்டும் ஒருநாள் பிரியலாம். "நேப்பியர் அண்ட் எட்ரிக் பிரபு" என்று ஒரே பெயராக எழுதியிருப்பதைப் பார்த்து ஒரே கோடு போட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆதாரம் எங்கே?

தொடக்கத்துக்கு ஜேம்ஸ் பால்ஃபர் பால் பதிப்பித்து 1904 முதல் 1914 வரை வெளியான "ஸ்காட்ஸ் பியரேஜ்" ஒன்பது தொகுதிகள் போதும். காப்புரிமைக் காலம் முடிந்ததால் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் அடிக்குறிப்பில் மூல ஆவணம் இருக்கும். அந்த அடிக்குறிப்புக்குத்தான் மதிப்பு. குடும்பங்களே எழுதி அனுப்பிய விவரங்களை அப்படியே அச்சிட்ட பழைய பிரபுக்கள் கையேடுகளை, குறிப்பாக 15-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய பகுதிகளை, சந்தேகத்தோடு படியுங்கள். பணமும் செல்வாக்கும் வந்தபின் வீரப் பூர்வீகம் தேடிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சாசனங்களுக்கு மன்னரின் பெருமுத்திரைப் பதிவேடு. மூலம் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1306 முதல் 1668 வரையிலான சுருக்கங்கள் அச்சில் வந்திருக்கின்றன, பெரும்பகுதி லத்தீனில். நேப்பியரின் 1677 சாசனம் அந்த எல்லைக்கு வெளியே விழுகிறது. இது அடிக்கடி நேரும் தொல்லை: முக்கியமான மறுசாசனங்கள் பல இரண்டாம் சார்லஸ் காலத்தவை, அச்சுப் பதிப்போ அவர் ஆட்சியின் நடுவில் நின்றுவிடுகிறது.

பிறப்பு, மணம், இறப்புக்கு அதே காப்பகத்தின் "ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்" இணையதளம். பெயர்ப் பட்டியலில் தேட காசில்லை; பக்கத்தின் படத்தைத் திறக்கக் கட்டணம். கட்டாய அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்து இறப்புப் பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள்: இறந்தவர் பெயர், தொழில், வயது, துணைவர் பெயர், அப்பா பெயரும் தொழிலும், அம்மா பெயரும் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும், சாவுக்குக் காரணம், தகவல் தந்தவரின் கையெழுத்தும் உறவும். எழுபது வயதுக்காரர் ஒருவரின் ஒரே வரியில் முந்தைய தலைமுறையும் கிடைத்துவிடுகிறது. அதே காலத்து இங்கிலாந்துப் பதிவில் பெற்றோர் பெயரே இருக்காது. 1855 என்ற அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் பிறந்த இடம், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் கூடுதலாகக் கேட்டு எழுதினார்கள். வேலை தாங்காமல் அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். 1855-இல் இறந்த உறவினர் கிடைத்தால் முதலில் அவர் பதிவைத் திறவுங்கள்.

அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். அவற்றில் ஓட்டைகள் அதிகம். பிரபுக் குடும்பங்கள் பல, ஊர்த் தேவாலயத்திலிருந்து தனியான எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தவை என்பதால் ஊர்த் தேவாலயப் புத்தகத்தில் பெயரே இருக்காது. இன்னொன்று, இவர்கள் ஊரில் சாவதில்லை. 9-ஆமவர் மக்காவ் நகரில், 10-ஆமவர் 1898-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில். ஆகவே உயில் பதிவுகளையும், நிலத்துக்கு வாரிசு என்று நீதிமன்றம் உறுதிசெய்த பதிவுகளையும் பாருங்கள். "இன்னார், இன்னாரின் மூத்த மகன், இந்த நிலத்துக்கு வாரிசு" என்று பதினைந்து பேர் கொண்ட குழு சத்தியம் செய்து சொன்ன தீர்ப்புகள் அவை. பட்டத்தைப் பற்றியவை அல்லாவிட்டாலும் உறவை நிலைநாட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தேதியில் ஒரு பொறி. ஸ்காட்லாந்து 1600 முதல் ஜனவரி 1-ஐப் புத்தாண்டாகக் கொண்டது. இங்கிலாந்து 1752 வரை மார்ச் 25-இல் தொடங்கியது. 1677 பிப்ரவரியில் நடந்த ஒன்றை லண்டன் ஆவணம் 1676 பிப்ரவரி என்று எழுதியிருக்கும். இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடிட்டு எழுதிவையுங்கள். எழுத்துக்கூட்டலும் நிலையில்லை, நேப்பர், நேப்பேர், நெப்பேர் என்று எப்படி வேண்டுமானாலும் வரும்.

ஆறாம் படி: கோடு அறுந்தால்

இரண்டு விதத்தில் அறும். ஒன்று, அரசத் துரோகம். அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் ஏற்ற நடந்த 1715, 1745 ஜேக்கபைட் கலகங்களில் தோற்ற பக்கம் நின்றவர்களின் பட்டங்கள் பறிக்கப்பட்டன. பல பட்டங்கள் 1820-களில் திரும்பக் கிடைத்தன. இடையில் இருந்த தலைமுறைகளுக்கு எண் கொடுப்பதா வேண்டாமா என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு. ஒரே ஆளுக்கு இரண்டு எண் பார்த்தால் பதற வேண்டாம், எந்த நூலின் கணக்கு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றது, தாய்ப்பத்திரமே இல்லாதது. மார் ஏர்ல் பட்டம் இதற்கு நல்ல பாடம். அது ஸ்காட்லாந்தின் மிகப் பழைய ஏர்ல் பட்டங்களில் ஒன்று, பெண்வழியில் கைமாறி வந்தது. 1404-இல் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்பவர் கில்ட்ரம்மி கோட்டையைப் பிடித்து அங்கிருந்த மார் சீமாட்டி இசபெல்லை மணந்து ஏர்ல் ஆனார். அவர் 1435-இல் இறந்தபோது நியாயமான வாரிசு எர்ஸ்கின் குடும்பம். ஆனால் மன்னர் தரப்பு பட்டத்தை அமுக்கிக்கொண்டது. 1457-இல் எர்ஸ்கினுக்கு எதிராகத் தீர்ப்பும் வாங்கியது. 1565-இல் ராணி மேரி எர்ஸ்கின் குடும்பத்துக்கு அதைக் கொடுத்தார். அது பழையதைத் திருப்பித் தந்ததா, புதிதாக ஒன்றைத் தந்ததா? முந்நூறு ஆண்டு யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. 1715 கலகத்துக்குத் தலைமை தாங்கிய மார் ஏர்ல் பட்டத்தை இழந்ததும், 1824-இல் அது திரும்பியதும் இடையில் நடந்தவை.

1866-இல் அப்போதைய ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்தார். சகோதரி மகன் குடீவ்-எர்ஸ்கின் ஒருபுறம், ஆண்வழி உறவினரான கெல்லி ஏர்ல் மறுபுறம். 1565 ஏர்ல் பட்டத்துக்குச் சாசனம் கையில் இல்லை. சாசனம் இல்லாவிட்டால் ஆண்வழிக்கே என்று ஊகிப்பது பிரபுக்கள் சபையின் வழக்கம். அதன்படி 1875-இல், 1565-இல் உண்டானது புதிய பட்டம், அது கெல்லிக்கு என்று முடிவு செய்தார்கள். ஸ்காட்லாந்தில் இதை ஏற்காதவர்கள் ஏராளம். கடைசியில் 1885-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு, பழைய பட்டம் ஒருபோதும் அழியவில்லை, அது குடீவ்-எர்ஸ்கினுக்கு என்றது. ஆக இப்போது மார் என்ற பெயரில் இரண்டு ஏர்ல் பட்டங்கள், இரண்டு வாரிசு வரிசைகள். பழைய வரிசையில் 1975-இல் ஒரு பெண்மணி 31-ஆவதாகப் பட்டத்துக்கு வந்தார். என் கருத்தில் 1875 தீர்ப்பு சட்டப்படி சமாளிக்கக்கூடியது, வரலாற்றுப்படி தவறு. நீங்கள் இரண்டு வரிசையையும் வரைந்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள்

பெற்றோர் பிறகு மணந்துகொண்டால், முன்னே பிறந்த பிள்ளையும் ஸ்காட்லாந்துச் சட்டப்படி முறையான பிள்ளை. ஆகவே மண நாளுக்கு முன் பிறந்தவர் என்பதற்காக ஒருவர் பெயரை அடித்துவிடாதீர்கள். தத்துப் பிள்ளைக்குப் பட்டம் போகாது. இன்று ஒருவர் பட்டதாரியா என்று உறுதிசெய்ய 2004-இல் ஏற்பட்ட அதிகாரபூர்வ பிரபுக்கள் பட்டியலைப் பாருங்கள். வாரிசு சான்று கொடுத்துப் பெயரைச் சேர்த்தால்தான் அரசு அவரைப் பட்டப் பெயரால் அழைக்கும். குலச் சின்னங்களுக்குப் பொறுப்பு எடின்பரோவின் லார்ட் லயன் அலுவலகம். 1672 முதலான சின்னப் பதிவேடு அங்கே உள்ளது. பட்ட வழக்கைத் தீர்ப்பது அதன் வேலையில்லை, ஆனால் சின்னத்தோடு பதிவாகும் வம்சாவளி நம்பகமானது.

இணையத்தில் ஒரு சதுர அடி ஸ்காட்லாந்து நிலம் வாங்கி "லேர்ட்" ஆகலாம் என்று விளம்பரம் வரும். அந்தத் துண்டு நிலத்தை நிலப் பதிவேட்டில் பதியவே முடியாது. லார்ட் லயனும் அதை ஏற்பதில்லை. சுவரில் மாட்டச் சான்றிதழ் வேண்டுமென்றால் வாங்குங்கள், வம்சாவளிக்குள் கொண்டுவராதீர்கள்.

நேப்பியரை முடித்தபின் பயிற்சிக்கு ட்வீட்டேல் மார்க்விஸ் பட்டத்தை எடுங்கள். 8-ஆமவர் ஜார்ஜ் ஹே 1842 முதல் 1848 வரை சென்னை ஆளுநர். 9-ஆமவர் அவர் மகன் ஆர்தர், பறவையியலாளர். 10-ஆமவர் ஆர்தரின் மகன் அல்ல, தம்பி. மூன்று பேருக்குள்ளேயே ஒரு திருப்பம் இருக்கிறது. தொடங்கும்போது 1488 லார்ட், 1646 ஏர்ல், 1694 மார்க்விஸ் என்று அந்த வீட்டின் மூன்று பட்டங்களுக்கும் மூன்று தனிப் பத்தி போட்டுவிடுங்கள்.